ஒரு குற்றத்துக்குப் பெயர் வைத்த கதை

1981 ஜனவரி 13. இத்தாலியின் தெற்கே தாரந்தோவில் கிளம்பி மிலானுக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் பொலோன்யா நிலையத்தில் நின்றது. போலீஸார் ஏறினார்கள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. சிஸ்மி என்னும் ராணுவ உளவுத்துறை முன்கூட்டியே துப்புக் கொடுத்திருந்தது. கிடைத்தது ஒரு சூட்கேஸ். உள்ளே ஓர் இயந்திரத் துப்பாக்கி, ஒரு வேட்டைத் துப்பாக்கி, டப்பா டப்பாவாக வெடிமருந்து, பிரெஞ்சு, ஜெர்மன் பத்திரிகைகள், வெளிநாட்டவர் இருவர் பெயரில் விமான டிக்கெட்டுகள்.

ஒரு துப்பறியும் கதை எழுதுகிறவர் இத்தனை சாமானையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பினால், "கொஞ்சம் குறையுங்கள்" என்று பத்திரிகை ஆசிரியரே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. அதே நிலையத்தில், ஐந்து மாதங்களுக்கு முன், 1980 ஆகஸ்ட் 2 அன்று காலை 10:25-க்கு இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் செத்திருந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். கோடை விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை, நிலையம் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் போதாமல் 37-ஆம் நம்பர் டவுன் பஸ்ஸின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி அதில் பிணங்களை ஏற்றினார்கள். சூட்கேஸில் இருந்த வெடிமருந்தும் நிலையத்தில் வெடித்ததும் ஒரே சாதி. அப்படியானால் குண்டு வைத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். விசாரணை அதிகாரிகள் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் ஓட வேண்டியதுதான்.

சூட்கேஸை ரயிலில் வைக்க ஏற்பாடு செய்தது துப்புக் கொடுத்த அதே சிஸ்மி. ஜெனரல் பியெத்ரோ முசுமேச்சியும் கர்னல் ஜுசெப்பே பெல்மோந்தேயும் அதன் சூத்திரதாரிகள் என்று நீதிமன்றம் பின்னால் தீர்ப்பளித்தது. இயந்திரத் துப்பாக்கி, ரோம் நகர ரவுடிக் கும்பல் ஒன்று சுகாதார அமைச்சகக் கட்டடத்தின் நிலவறையில் ஒளித்து வைத்திருந்த ஆயுதக் குவியலிலிருந்து வந்தது. சுகாதார அமைச்சகம் என்பது அச்சுப் பிழை இல்லை.

இந்தக் காரியத்துக்கு இத்தாலியர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: தெப்பிஸ்தாஜ்ஜோ. 'பிஸ்தா' என்றால் தடம். துப்புத் துலக்குகிறவனை அந்தத் தடத்திலிருந்து வேண்டுமென்றே விலக்கி வேறு பக்கம் நடக்க வைப்பதுதான் தெப்பிஸ்தாஜ்ஜோ. பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வேடிக்கை: பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. வேட்டைக்காரன் மிருகத்தின் சுவட்டைக் கண்டுபிடிப்பதும் அதுதான். துரத்துகிறவனை ஏமாற்றிச் சுவட்டிலிருந்து தவற வைப்பதும் அதுதான். இன்றைக்கு பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர்ச்சொல்லைப் பார்த்தால், நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை என்று பொருள். எல்லையைத் தாண்டி இத்தாலிக்கு வந்தபோது கண்டுபிடிக்கிற பாதி உதிர்ந்து, மறைக்கிற பாதி மட்டும் நின்றது.

வேலியே பயிரை மேய்ந்ததாக நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தெப்பிஸ்தாஜ்ஜோவில் வேலி அதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது. மேய்ந்த வயலில் பக்கத்து ஊர் மாட்டின் குளம்பை அழகாகப் பதித்து வைக்கிறது.

இந்தக் குளம்படிகளை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் 1969 டிசம்பர் 12-க்குப் போக வேண்டும். மிலான், ஃபொந்தானா சதுக்கம், விவசாய வங்கி. வெள்ளிக்கிழமை மாலை மற்ற வங்கிகள் மூடியிருக்கும்; இது மட்டும் சந்தை நாள் என்பதால் திறந்திருந்தது. மாடு, நிலம், தானியம் பேரம் பேசிக்கொண்டிருந்த விவசாயிகள் நடுவே மேசைக்கடியில் குண்டு வெடித்தது. 17 பேர் பலி. அன்றே மிலானில் இன்னொரு வங்கியில் கறுப்புப் பைக்குள் வெடிக்காத குண்டு ஒன்று முழுசாகக் கிடைத்தது. கையில் அதைவிடப் பெரிய சாட்சி இருக்க முடியாது. அன்று இரவே அதை வங்கி முற்றத்தில் வைத்து வெடிக்கச் செய்து அழித்துவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். இருக்கலாம். அவசரத்தில் செய்த முட்டாள்தனம் எது, திட்டமிட்டுச் செய்த காரியம் எது என்று பிரிக்க முடியாமல் போவதுதான் இந்தக் கதை நெடுகிலும் வரும் தலைவலி.

அந்தக் கறுப்புப் பைகளைப் பாதுவா நகரில் விற்றதாகக் கடைக்காரர் தரப்பிலிருந்து போலீஸுக்குச் சில நாட்களிலேயே தகவல் போனது. பாதுவா தீவிர வலதுசாரிகளின் கோட்டை. அந்தத் தகவல் விசாரணை நீதிபதியின் மேசைக்கு வந்து சேர்ந்தது 1972-இல். இடைப்பட்ட வருடங்களில் அரசு இடதுபக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அராஜகவாதியான ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லியைப் பிடித்து, சட்டம் அனுமதித்த 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 நள்ளிரவை ஒட்டி அவர் மிலான் போலீஸ் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்வது போலக் குதித்துவிட்டார் என்றது போலீஸ். 1975-இல் விசாரணையை முடித்த நீதிபதி கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை என்று சொல்லி, திடீரென உடல்நிலை தடுமாறி உடம்பே ஜன்னல் வழியாகப் பாய்ந்திருக்கலாம் என்று ஒரு புதிய விளக்கம் எழுதினார். பியெத்ரோ வால்ப்ரேதா என்ற நடனக்காரரைக் குண்டு வைத்தவராக அறிவித்தார்கள். ஒரு டாக்சி டிரைவரின் அடையாளம் காட்டல்தான் அடிப்படை. அந்த டிரைவரிடம் முதலிலேயே வால்ப்ரேதாவின் படத்தைக் காட்டியிருந்தார்கள். மூன்று வருடம் சிறையில் கிடந்து, ஜாமீன் கொடுப்பதற்கென்றே ஒரு சட்டத்தை மாற்றிய பிறகு அவர் வெளியே வந்தார். கடைசியில் விடுதலை.

பாதுவாவின் தீவிர வலதுசாரிக் குழுவின் பக்கம் நீதிபதிகள் திரும்பியபோது வேறு வகை வேலை தொடங்கியது. தேடப்பட்ட இருவரை, அதில் ஒருவர் உளவுத்துறையிடமே சம்பளம் வாங்கிய பத்திரிகையாளர், அன்றைய ராணுவ உளவுத்துறை நாட்டைவிட்டு வெளியே அனுப்பி வைத்தது. இதற்காக ஜெனரல் மலெத்தியும் கேப்டன் லா ப்ரூனாவும் தண்டிக்கப்பட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்த குற்றம் "குற்றவாளிக்கு உடந்தை". திருடனைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்து வைக்கிற மச்சானுக்கும் அதே பிரிவுதான்.

வழக்கே மிலானிலிருந்து நாட்டின் தென்முனைக் கத்தன்சாரோவுக்கு மாற்றப்பட்டது. செத்தவர்களின் குடும்பங்கள் ஒவ்வொரு விசாரணைக்கும் ஆயிரம் கிலோமீட்டர் போய் வந்தன. 2005-இல் உச்ச நீதிமன்றம் ஃப்ரெதா, வெந்தூரா என்ற பாதுவாக் குழுவினரே பொறுப்பு என்றும், ஆனால் முன்பே இறுதியாக விடுவிக்கப்பட்டுவிட்டதால் திரும்ப விசாரிக்க முடியாது என்றும் முடித்தது. அதே தீர்ப்பில் வழக்குச் செலவைக் கட்டும்படி செத்தவர்களின் குடும்பங்களுக்கு உத்தரவு. அரசு வெட்கப்பட்டு அந்தப் பணத்தைத் தான் ஏற்பதாகச் சொன்னது.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் தேடுகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பின்னணி தெரிந்ததே: போரில் தோற்ற பாசிச நாடு, அமெரிக்கக் கூட்டணியில் ஜனநாயகமாக எழுந்து நிற்கிறது, அதே சமயம் மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி அங்கே தேர்தலுக்குத் தேர்தல் வளர்ந்து 1976-இல் 34.4 சதவீத வாக்கைத் தொடுகிறது. முசோலினி காலத்து அதிகாரிகள் பலர் நாற்காலி மாறாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் குண்டு வெடித்தால் மக்கள் பயந்து ஒழுங்கு வேண்டும், கெடுபிடி வேண்டும் என்று கேட்பார்கள்; குண்டு வைத்தது இடதுசாரி என்று நம்ப வைத்துவிட்டால் இன்னும் நல்லது. இந்தக் கணக்குக்கு 'பதற்ற உத்தி' என்ற பெயர், ஃபொந்தானா சதுக்கக் குண்டு வெடித்து இரண்டே நாளில் லண்டன் பத்திரிகை ஒன்றில் அச்சேறிவிட்டது. எல்லாக் குண்டுக்கும் ஒரே மூளை, ஒரே அறை, ஒரே கட்டளை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. வைத்தவர்கள் பெரும்பாலும் நவபாசிசக் குழுக்கள். அரசின் சில கைகள் அவர்களைத் தெரிந்து வைத்திருந்தன, பிறகு காப்பாற்றின. நிரூபணமானது இவ்வளவு. இதுவே போதுமான அளவு பயங்கரம்.

பெதேயானோவை எடுத்துக்கொள்ளுங்கள். யூகோஸ்லாவிய எல்லைக்கு அருகே சின்ன ஊர். 1972 மே 31 இரவு ஒரு தொலைபேசி: கண்ணாடியில் இரண்டு துப்பாக்கிக் குண்டுத் துளையோடு ஒரு வெள்ளை ஃபியட் 500 நிற்கிறது. போய்ப் பார்த்த கராபினியேரி என்னும் ராணுவப் போலீஸ் படையினர் காரின் மூடியைத் திறந்ததும் வெடித்தது. மூன்று பேர் பலி. செத்தவர்கள் தங்கள் படைக்காரர்கள், தங்கள் சீருடை. அப்படியும் விசாரணையை நடத்திய அதே படையின் அதிகாரிகள் முதலில் ஒரு தீவிர இடதுசாரி இயக்கத்தின் மேல் கையை நீட்டினார்கள். அது பலிக்காமல் போனதும் கொரீட்சியா நகரத்து ஆறு சாதாரண ஆட்களை இழுத்து வந்தார்கள். ஏதோ சொந்தப் பகையில் செய்துவிட்டார்களாம். ஆறு பேரும் விடுதலையானார்கள், அதற்குள் அவர்கள் வாழ்க்கை சிதைந்திருந்தது. ஜெனரல் மிங்கரெல்லி உள்பட அதிகாரிகள் பின்னால் இதற்காகத் தண்டனை பெற்றார்கள். சீருடைக்குள் இருக்கும் பாசம் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதைகளை நினைத்தால், இந்த வழக்கு என்னை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உறுத்துகிறது.

1984-இல் வின்ச்சென்ஸோ வின்ச்சிகுவெர்ரா என்ற நவபாசிசவாதி, "நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். தண்டனைக் குறைப்பு எதையும் கேட்கவில்லை. தன்னைப் பிடிக்காமல் இருக்க அரசு பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கே எரிச்சல். இந்த வழக்கைத் தோண்டிய வெனிஸ் நீதிபதி ஃபெலிச்சே காஸொன், வெடிமருந்து எங்கிருந்து வந்தது, யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று நூல் பிடித்துப் போனபோது ரோமில் உளவுத்துறையின் ஆவணக் காப்பகம் வரை போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்ததன் விளைவாக 1990 அக்டோபரில் பிரதமர் ஜூலியோ ஆந்த்ரேயோத்தி நாடாளுமன்றத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது: 1950-களிலிருந்து அமெரிக்க உளவுத்துறையுடன் உடன்பாடு செய்து ஒரு ரகசியப் படை இருந்தது. பெயர் கிளாதியோ, பழைய ரோமானியப் போர்வீரனின் குட்டை வாள். சோவியத் படை வந்து நாட்டைப் பிடித்தால் உள்ளேயிருந்து எதிர்க்கத் தயாரிக்கப்பட்டவர்கள். 622 பேர் பட்டியல் வெளியானது. ஆயுதங்கள் நாடெங்கும் புதைக்கப்பட்டிருந்தன. கிளாதியோ குண்டு வைத்தது என்று எங்கும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பொய் சொன்ன அதிகாரிகளைத் துரத்திப் போனால் வழியில் இப்படி ஒரு படையே எழுந்து நிற்கும் என்று காஸொனும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ப்ரெஷாவில் 1974 மே 28 அன்று பாசிச எதிர்ப்புக் கூட்டத்தில் குண்டு வெடித்து எட்டுப் பேர் செத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தீயணைப்பு வண்டிகள் வந்து சதுக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டன. தடயங்கள் சாக்கடையோடு போயின. இறுதித் தண்டனை வர 2017 ஆயிற்று. அப்போது தண்டிக்கப்பட்ட இருவரில் ஒருவர் ராணுவ உளவுத்துறையின் ஒற்றர்.

மீண்டும் பொலோன்யாவுக்கு வருவோம். சூட்கேஸ் கிடைத்த இரண்டு மாதத்தில், 1981 மார்ச்சில், வேறொரு நிதி மோசடி வழக்குக்காக லிச்சியோ ஜெல்லி என்ற மெத்தை வியாபாரியின் இடத்தைச் சோதனையிட்ட மிலான் நீதிபதிகளுக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. பி-தூயே என்ற ரகசிய மேசானிக் சபையின் உறுப்பினர்கள், 962 பெயர்கள். அமைச்சர்கள், தளபதிகள், வங்கியாளர்கள், பத்திரிகை அதிபர்கள். நாட்டின் இரண்டு உளவுத்துறைகளின் தலைவர்களும் அதில் இருந்தார்கள். முசுமேச்சி இருந்தார். ஃபொந்தானா வழக்கில் ஆளை வெளியே அனுப்பிய மலெத்தியும் லா ப்ரூனாவும்கூட இருந்தார்கள்.

அதே ஆண்டு ஜூனில் பொலோன்யாவில் செத்தவர்களின் குடும்பங்கள் ஒரு சங்கம் அமைத்தன. முதல் தலைவர் தொர்க்குவாத்தோ செச்சி, அந்தக் குண்டுக்கு 24 வயது மகனைக் கொடுத்தவர். தீர்ப்புக்குத் தீர்ப்பு வழக்கு ஏறி இறங்கியது: 1988-இல் தண்டனை, 1990-இல் பெரும்பாலோர் விடுதலை, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறு மேல்முறையீடு, கடைசியாக 1995 நவம்பரில் முடிவு. நவபாசிசவாதிகள் ஃபியொராவந்தி, மாம்ப்ரோ இருவருக்கும் ஆயுள் தண்டனை. தாங்கள் வைக்கவில்லை என்று இருவரும் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். ஜெல்லிக்கும் சிஸ்மியோடு ஒட்டித் திரிந்த இடைத்தரகர் பாசியென்சாவுக்கும் 10 ஆண்டு, முசுமேச்சி, பெல்மோந்தே இருவருக்கும் ஏறக்குறைய எட்டு ஆண்டு.

எந்தக் குற்றத்துக்கு? சூட்கேஸ் வைத்து 85 பேர் சாவின் விசாரணையைத் திசை திருப்பியதற்கு அன்றைய இத்தாலியச் சட்டத்தில் பெயரே இல்லை. ஆகவே நீதிமன்றம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தில் இருந்ததை எடுத்தது: 'கலுன்னியா', அதாவது செய்யாத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்தும் அவதூறு. பயங்கரவாத நோக்கத்தோடு செய்த அவதூறு என்று கனம் கூட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரன் மாங்காய் திருடினான் என்று பொய்ப் புகார் கொடுப்பவனுக்கும் உளவுத்துறை ஜெனரலுக்கும் ஒரே சட்டப் பிரிவு. பத்திரிகைகளிலும் தெருவிலும் தெப்பிஸ்தாஜ்ஜோ என்ற சொல் அன்றாடம் புழங்கியது. தீர்ப்பின் காரண விளக்கத்தில்கூட வந்தது. குற்றப்பத்திரிகையில் மட்டும் வர முடியவில்லை.

இந்த இடைவெளியைச் செச்சிக்குப் பிறகு 1996-இல் சங்கத் தலைவரான பாவ்லோ பொலோன்யேசி விடாமல் பிடித்துக்கொண்டார். மாமியாரைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர். சிறுவனான மகன் மோசமாகக் காயமடைந்து பிழைத்தான். ஒவ்வோர் ஆகஸ்ட் 2 அன்றும் நிலையத்தின் முன்னால் மேடையில் நின்று அமைச்சர்களிடம் அதே கோரிக்கையை வைப்பார். அமைச்சர்கள் தலையாட்டுவார்கள். 2013-இல் அவரே நாடாளுமன்ற உறுப்பினரானார். முதல் வேலையாக மசோதா கொண்டுவந்தார். கீழவை, மேலவை, மறுபடி கீழவை என்று மூன்று வருடம் உருண்டு, 2016 ஜூலை 11 தேதியிட்ட 133-ஆம் எண் சட்டமாக வெளிவந்தது. தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவு. ஜெல்லி அதற்கு ஏழு மாதம் முன்பு, 96 வயதில், தன் மாளிகைக் கட்டிலில் இறந்திருந்தார்.

பிரிவின் வாசகம் எளிமையானது. அரசு ஊழியர் ஒருவர் விசாரணையைத் தடுக்கவோ திருப்பவோ சம்பவ இடத்தையோ பொருளையோ மாற்றினால், அல்லது கேட்கும்போது பொய் சொன்னால், உண்மையை மறுத்தால், தெரிந்ததை விழுங்கினால், 3 முதல் 8 ஆண்டு. படுகொலை, பயங்கரவாத வழக்கு என்றால் 6 முதல் 12. இது அரசு ஊழியருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பழைய பிரிவுகளே உண்டு. ஒரு சலுகையும் இருக்கிறது: மாற்றியதை எல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றால் தண்டனை குறையும். கழுவிவிட்ட சதுக்கத்தை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று சட்டம் சொல்லவில்லை.

சொல் குற்றமாக ஆனபிறகு அதற்கு இன்னொரு வாழ்க்கையும் வந்துவிட்டது. எதிராளியின் மேல் எறிகிற கல்லாகவும் பயன்படுகிறது. ஃபியொராவந்தியும் மாம்ப்ரோவும் நிரபராதிகள் என்று நம்புகிறவர்கள் பாலஸ்தீனத் தடம் ஒன்றைச் சுட்டுகிறார்கள். அந்த விசாரணையைப் பொலோன்யா நீதித்துறை 2015-இல் மூடியது. அந்தப் பேச்சே ஒரு தெப்பிஸ்தாஜ்ஜோ என்கிறது சங்கம். நீதிமன்றம் சொன்னதை ஏற்கலாம். அதற்காக மாற்றி யோசிப்பவர் எல்லாரையும் சூட்கேஸ் வைத்தவர் வரிசையில் நிறுத்துவது சரியாகப் படவில்லை. தடம் மாறுவதற்கு எப்போதும் சதிகாரன் தேவைப்படுவதும் இல்லை. பொலோன்யா நிலையத்தின் வெளிச்சுவர்க் கடிகாரம் 10:25-இல் நிற்கிறது. குண்டு வெடித்த நாளிலிருந்து அது அப்படியே நிற்பதாக ஊரார் சத்தியம் செய்வார்கள். உண்மையில் அதைச் சீக்கிரமே பழுது பார்த்து, பதினாறு வருடம் அது ஓடியது. 1996-இல் கெட்டுப்போன பிறகுதான் நினைவுச் சின்னமாக 10:25-இல் நிறுத்தினார்கள். ஆய்வாளர்கள் கேட்டபோது, கடிகாரம் நிற்பதை அறிந்தவர்களில் 92 சதவீதம் பேர் அது எப்போதுமே நின்றிருந்ததாகச் சொன்னார்கள்.

குண்டு வெடித்த அன்று காலை சுற்றுலாப் பயணி ஒருவர் நிலையத்தில் எடுத்த சூப்பர்-8 படச்சுருளில் ஒரு முகம் தெரிந்தது. பாவ்லோ பெல்லினி என்ற இன்னொரு நவபாசிசவாதி. அவருடைய முன்னாள் மனைவி அடையாளம் சொன்னார். 2022 ஏப்ரலில் ஆயுள் தண்டனை. 2025 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜெல்லியும், உள்துறையின் ரகசிய அலுவலகத்தை ஆண்ட ஃபெதெரிக்கோ உம்பெர்த்தோ தாமாத்தோவும் தூண்டியவர்கள், பணம் கொடுத்தவர்கள் வரிசையில் அந்த வழக்கில் குறிப்பிடப்பட்டார்கள். எல்லாரும் செத்துப்போனவர்கள்.

உயிரோடு இருந்து பெல்லினியோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் பியெர்ஜோர்ஜியோ செகாத்தெல், கராபினியேரி படையின் முன்னாள் கேப்டன். 1980 கோடையில் தான் செய்த ஒரு விசாரிப்பு பற்றி, ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்துக் கேட்டபோது பொய் சொன்னார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சூட்கேஸ் இல்லை, துப்பாக்கி இல்லை. சில வரி வாக்குமூலம். 6 ஆண்டு. குற்றத்தின் பெயர்: தெப்பிஸ்தாஜ்ஜோ.

சட்டம் பின்னோக்கிப் பாயாது. ஆகவே 1981 ஜனவரியில் அந்த ரயிலில் சூட்கேஸ் ஏற ஏற்பாடு செய்த ஜெனரலும் கர்னலும் பொலோன்யா நீதிமன்றக் கோப்பில் இன்றும் அவதூறு செய்தவர்கள்தான்.